இணையத்தளம் அமைத்தல்: மரபுவழி மேடைகளும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும்

முன்னுரை

உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் நெடுங்காலம் ஏட்டுச்சுவடிகளிலேயே வழங்கிவந்தது. புலவர் நாயகம் என்று போற்றப்பெறும் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அவர்கள் அதனை 1842-ஆம் ஆண்டில் அச்சில் பதிப்பித்தார்கள். ஓலையில் இருந்தது தாளுக்கு வந்தது. சுவடி வைத்திருந்த சிலர்க்கே உரியதாக இருந்த செல்வம் தமிழ் மக்கள் அனைவர்க்கும் பொதுவாயிற்று. பதிப்பித்த பெருமகனார் அன்று அவ்வுழைப்பை மேற்கொண்டமையால் இன்று நாம் அக்காப்பியத்தைக் கற்கிறோம், கற்பிக்கிறோம்.

இன்று தாளிலிருந்து திரைக்கு மாறும் காலம். கல்லூரிகளும், துறைகளும், ஜமாஅத்துகளும், நூலகங்களும் தத்தமக்கென இணையத்தளம் அமைக்க விழைகின்றன. அண்மைக்காலம் வரை வேர்ட்பிரஸ் போன்ற மரபுவழி மேடை ஒன்றைக் கற்று, ஒவ்வொரு பக்கமாகக் கட்டுவதே பலரும் அறிந்த வழியாக இருந்தது. இப்பொழுதோ, நிறுவனத்தைப் பற்றி இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் சில நிமிடங்களில் தளம் முழுவதையும் ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. இவ்விரண்டில் எதனைத் தேர்வது?

விரைவையும் அழகையும் மட்டும் அளவுகோலாகக் கொண்டால் விடை எளிது. ஆனால் ஒரு நிறுவனத்தின் நினைவு அதன் கையிலேயே இருக்கிறதா, அந்நினைவு மெய்யானதா என்னும் இரண்டையும் அளவுகோலாகக் கொண்டால் விடை வேறாகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணையத்தளத்தின் உறுப்புகள்

ஆங்கிலேய அறிஞர் டிம் பெர்னர்ஸ் லீ, ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபொழுது, 1989-ஆம் ஆண்டில் வைய விரிவு வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1991 ஆகஸ்டில் அது வெளியுலகிற்கு அறிமுகமாயிற்று. 1993 ஏப்ரல் 30-ஆம் நாள், அந்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் எனச் செர்ன் அறிவித்தது. இன்று சிற்றூர்ப் பள்ளியும் தனக்கென ஒரு தளம் அமைக்க முடிகிறதென்றால் அதற்கு அடிப்படை அவ்வறிவிப்பே எனலாம்.

எந்த இணையத்தளத்திற்கும் மூன்று உறுப்புகள் உண்டு. ஒரு வீட்டை எண்ணிக்கொண்டால் இவை எளிதில் விளங்கும்.

முதலாவது, முகவரி. இதனைக் களப்பெயர் என்பர். இதனை ஒருமுறை விலைகொடுத்து என்றென்றைக்கும் உரிமையாக்கிக்கொள்ள இயலாது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பதிவு செய்து, காலம் முடியுமுன் புதுப்பித்துவர வேண்டும். இந்தியக் கல்வி நிறுவனங்களுக்கு 'ஏ.சி.இன்' என முடியும் பெயர்களை எர்நெட் இந்தியா என்னும் அமைப்பு பதிவு செய்து தருகிறது.

இரண்டாவது, மனை. தளத்தின் பக்கங்களைச் சேமித்து வைத்து, கேட்பவர்க்கெல்லாம் இடைவிடாது வழங்கிக்கொண்டிருக்கும் கணினியே இம்மனை. இதனை வழங்கி என்பர். பெரும்பாலும் இது வாடகைக்கு எடுக்கப்படுவதாகும்.

மூன்றாவது, வீட்டிலுள்ள பொருள்கள். கட்டுரைகள், படங்கள், ஆவணங்கள் ஆகிய உள்ளடக்கம் இது. மற்ற இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். உள்ளடக்கத்தை இழந்தால் மீட்பது அரிது. இதனை நினைவில் இருத்திக்கொண்டு இருவகைக் கருவிகளையும் ஆராய்வோம்.

மரபுவழி மேடைகள்

தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் குறிமொழியில் கையால் எழுத வேண்டியிருந்தது. இத்தொல்லையை நீக்க எழுந்தவையே உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள். பெல்ஜியம் நாட்டினரான டிரைஸ் பைட்டார்ட் 2001-இல் துருப்பல் என்னும் மென்பொருளை வெளியிட்டார். மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் 2003 மே 27-ஆம் நாள் வேர்ட்பிரஸை வெளியிட்டனர். 2005-இல் ஜூம்லா தோன்றிற்று. 'அனைவரும் ஒன்றாக' என்னும் பொருளுடைய 'ஜும்லா' என்ற சுவாகிலிச் சொல்லே இதற்குப் பெயராயிற்று. அச்சொல்லின் வேர் அரபு மொழியில் உள்ளது என்பது நம் மாணவர்க்குச் சுவைதரும் செய்தியாகும்.

இவற்றுள் மிகப் பரவியது வேர்ட்பிரஸ். 2024-ஆம் ஆண்டு நிலவரப்படி உலக இணையத்தளங்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவை இதனைக் கொண்டே இயங்கின. இதன் செயல்முறை எளியது. நாம் எழுதும் கட்டுரை ஒரு தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகிறது. அதற்கு அழகிய உருவம் தருவது வார்ப்புரு. நாட்காட்டி, படத்தொகுப்பு, தேடும் வசதி போன்ற கூடுதல் பணிகளைச் செய்வது செருகுநிரல். வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்கும்பொழுது இவையனைத்தும் ஒன்றுகூடி அப்பக்கத்தை அவருக்கு ஆக்கித் தருகின்றன. உள்ளடக்கமும் உருவமும் தனித்தனியே இருப்பதால், பத்தாண்டு கழித்துத் தோற்றத்தை மாற்றினாலும் எழுத்து அப்படியே இருக்கும்.

மேற்கூறிய மூன்றும் திறந்த மூலநிரல் மென்பொருள்களாகும். இவற்றைப் பயன்படுத்தவும், திருத்தவும், வேறு மனைக்குக் கொண்டுசெல்லவும் எவரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை. இதுவே இவற்றின் தலையாய சிறப்பு.

குறைகளும் உண்டு. மென்பொருளையும் செருகுநிரல்களையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காது விட்ட பழைய செருகுநிரல் வழியாகத் தீயோர் உட்புகுந்து தளத்தைச் சிதைப்பது அடிக்கடி நிகழ்வதாகும். காப்புப்படி எடுத்துவைக்கும் பழக்கமும் வேண்டும். கற்றுக்கொள்ளச் சில வாரங்களேனும் ஆகும். சுருங்கச் சொன்னால், சொந்த வீட்டுக்குரிய உரிமையும் உண்டு. ஓடு மாற்றும் பொறுப்பும் உண்டு.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள்

நிரல் எழுதத் தெரியாதவர்க்கும் தளம் அமைத்துத் தரும் நிறுவனங்கள் முன்னரே இருந்தன. 2006-இல் தொடங்கப்பெற்ற விக்ஸ் அவற்றுள் ஒன்று. அந்நிறுவனம் 2016-ஆம் ஆண்டிலேயே, பயனரிடம் சில வினாக்களைக் கேட்டு விடைக்கேற்பத் தளத்தை ஒழுங்கு செய்யும் தானியங்கு முறை ஒன்றை அறிமுகப்படுத்தியது. 2022 நவம்பர் 30-ஆம் நாள் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் இத்துறை பெருவேகம் கொண்டது. இன்று பல நிறுவனங்கள் இத்தகைய கருவிகளை வழங்குகின்றன. வேர்ட்பிரஸ்.காம் நிறுவனமும் 2025-இல் தனது கருவியை வெளியிட்டது. ஆகவே மரபு மேடையும் செயற்கை நுண்ணறிவும் ஒன்றுக்கொன்று பகை என்று கருதிவிடலாகாது.

இக்கருவி செய்வது யாது? நாம் தரும் குறிப்பைப் படித்து, அத்தகைய நிறுவனத் தளங்களில் வழக்கமாக எவ்வெப் பகுதிகள் இருக்குமோ அவற்றை வரிசைப்படுத்துகிறது, நிறமும் எழுத்துருவும் தெரிவு செய்கிறது, படங்களை இடுகிறது, ஒவ்வொரு பகுதிக்குமான வாசகத்தையும் தானே எழுதிவிடுகிறது. வாசகத்தை எழுதுவது மொழி மாதிரி எனப்படும் நிரலாகும். பெருந்தொகையான எழுத்துகளிலிருந்து, எச்சொல்லுக்குப்பின் எச்சொல் வரக்கூடும் என்பதைப் பயின்று, அதன்படி சொற்களைத் தொடுப்பதே அதன் அடிப்படை இயல்பு.

இதன் நன்மைகளை மறுப்பதற்கில்லை. பொருளும் ஆள்வலிமையும் இல்லாத சிறு அமைப்பு ஒன்று, வல்லுநருக்குக் கூலி கொடுக்காமல் அன்றே ஒரு தளத்தைத் தொடங்க முடிகிறது. கைப்பேசியிலும் கணினியிலும் ஒருசேரப் பொருந்தும் அமைப்பு தானே கிடைக்கிறது. பாதுகாப்புப் புதுப்பித்தலைப் பெரும்பாலும் நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. இருபது பேராசிரியர்கள் கூடி மூன்று மாதம் விவாதித்தும் தொடங்காத பணியை இக்கருவி ஒரு பிற்பகலில் தொடங்கிவைத்துவிடும்.

விரைவும் மெய்ம்மையும்

இனி ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். ஒரு கல்லூரியின் தமிழ்த்துறை, தன் வரலாற்றையும், பழைய ஆண்டு மலர்களையும், கொடையாகப் பெற்ற சில அறபுத்தமிழ் நூல்களையும் இணையத்தில் ஏற்ற விரும்புகிறது எனக் கொள்வோம். 'இஸ்லாமியர் நிறுவிய கல்லூரியின் தமிழ்த்துறை' என்ற குறிப்பு மட்டும் கருவிக்குத் தரப்படுகிறது. தொடங்கிய ஆண்டையோ, நிறுவிய பெரியோரையோ நாம் கூறவில்லை.

கருவி அவ்விடத்தை வெறுமையாக விடுவதில்லை. பல்லாண்டுப் பாரம்பரியம் என்றும், ஆயிரக்கணக்கான முன்னாள் மாணவர் என்றும், புகழ்பெற்ற ஆய்வு மையம் என்றும் எழுதிவிடக்கூடும். சில வேளைகளில், இல்லாத மாணவர் ஒருவர் பெயரில் பாராட்டுரையையும் சேர்த்துவிடும். கருவி பொய்யுரைக்க வேண்டுமென்று எண்ணுவதில்லை. அதற்கு மெய்யும் தெரியாது, பொய்யும் தெரியாது, பொருந்திவரும் சொல்லே தெரியும். ஆனால் அதனைப் படிக்காமல் வெளியிட்டவர் பொறுப்பிலிருந்து தப்ப இயலாது. நம் பெயரில் வெளிவரும் சொல் நம் சொல்லே ஆகும்.

ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை ஏற்குமுன் அதனை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று தொடர்ச்சியாக ஆராயும் மரபை நாம் அறிவோம். இஸ்னாது எனப்படும் அவ்வறிவிப்பாளர் வரிசை இல்லாத செய்திக்கு அறிஞர்கள் மதிப்பளிப்பதில்லை. அத்தகைய மரபில் வந்தோர், அறிவித்தவர் எவரென்றே தெரியாத வாசகத்தைத் தம் நிறுவனத்தின் வரலாறாக ஏற்றுக்கொள்வது பொருந்துமா என்பதைச் சிந்திக்க வேண்டும். இன்று ஏற்றிய பிழை நாளை ஒரு மாணவரின் ஆய்வேட்டில் மேற்கோளாகும். மறுநாள் அதுவே வரலாறாகிவிடும்.

தமிழும் அறபுத்தமிழும்

மொழி பற்றிய மற்றொரு சிக்கலும் உண்டு. மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்கப் பெரிதும் பயன்படும் 'காமன் கிரால்' என்னும் இணையத் தொகுப்பில், நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் மிகக் குறைவு. ஆதலால் ஆங்கிலத்தில் செம்மையாக எழுதும் கருவி, தமிழில் எழுதும்பொழுது ஆங்கிலத் தொடரமைப்பையே தமிழ்ச் சொற்களால் போர்த்தித் தந்துவிடுவதுண்டு. ஒற்று மிகுமிடமும் மிகாவிடமும் கற்பிக்கும் துறையின் தளத்தில் இத்தகைய தமிழ் இடம்பெறுவது அழகன்று.

அறபுத்தமிழில் இச்சிக்கல் இன்னும் பெரிது. அரபு எழுத்துகளில், தமிழ் ஒலிகளுக்கெனச் சில எழுத்துகளைச் சேர்த்து எழுதப்பெற்ற தமிழே அறபுத்தமிழ். 19-ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் போன்ற பெரியோர் இதில் மார்க்க நூல்கள் இயற்றியுள்ளார்கள். இவ்வெழுத்து வலமிருந்து இடமாகச் செல்லும். நம் தமிழோ இடமிருந்து வலமாகச் செல்லும். இரண்டும் ஒரே பக்கத்தில் வரும்பொழுது, எப்பகுதி எத்திசையில் செல்லும் என்பதைக் குறிமொழியில் தெளிவாகக் குறிக்காவிடில் எண்களும் நிறுத்தற்குறிகளும் இடம்மாறிப்போகும். கூடுதல் எழுத்துகள் எல்லா எழுத்துருக்களிலும் இடம்பெறுவதுமில்லை. திறந்த மேடையில் நாமே எழுத்துருவைத் தெரிவு செய்யலாம், திசையைக் குறிக்கலாம். தானியங்கு கருவியில் அவ்வுரிமை எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தொடங்குமுன்னரே ஒரு பக்கம் ஏற்றிச் சோதித்தறிய வேண்டும்.

பொதுத்தரத்தின் இன்றியமையாமையைத் தமிழர் பட்டறிந்தே கற்றனர். 1990-களில் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி எழுத்துருவையும் குறியீட்டையும் கொண்டிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வெறும் கிறுக்கலாகத் தோன்றிற்று. ஒருங்குறி பரவி, 2010-இல் தமிழக அரசும் அதனை ஏற்ற பின்னரே இக்குழப்பம் பெரிதும் தணிந்தது. தனியொருவர் கையிலுள்ள முறையில் எழுதி வைத்தது மங்கிற்று. பொதுமுறையில் எழுதி வைத்தது நின்றது.

உள்ளடக்கம் யார் கையில்?

இதே பாடத்தை இணைய வரலாறும் புகட்டுகிறது. 1994-இல் தோன்றிய ஜியோசிட்டீஸ் என்னும் நிறுவனம், எவரும் இலவசமாகத் தளம் அமைக்க இடமளித்தது. 1999-இல் யாகூ நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. தமிழர் பலரும் அங்குத் தம் பக்கங்களை அமைத்திருந்தனர். 2009 அக்டோபரில் அச்சேவை மூடப்பட்டது. ஆர்வலர் சிலர் விரைந்து படியெடுத்ததால் ஒரு பகுதி காப்பாற்றப்பட்டது, எஞ்சியவை போயின. குடியிருந்தவர் தவறேதும் செய்யவில்லை. வீட்டுக்குரியவர் வீட்டை மூடிவிட்டார், அவ்வளவே.

மாறாக, செர்ன் ஆய்வுக்கூடத்தின் முதல் இணையத்தளம் 2013-இல் அதன் பழைய முகவரியிலேயே மீட்டமைக்கப்பட்டது. எளிய பொதுக்குறிமொழியில் எழுதப்பெற்றிருந்தமையால் இன்றைய உலாவிகளிலும் அப்பக்கங்கள் திறக்கின்றன.

செயற்கை நுண்ணறிவுத் தளங்களில் பல, அவற்றை ஆக்கிய நிறுவனத்தின் வழங்கியில் மட்டுமே இயங்கவல்லவை. சந்தாவை நிறுத்தினால் தளமும் நின்றுவிடும். முழுத் தளத்தையும் எடுத்து வேறிடத்தில் நிறுவ வழியிராது. வேறு சில கருவிகளோ வேர்ட்பிரஸ் மீதே தளத்தை அமைக்கின்றன. சில, ஆக்கிய நிரலை முழுதும் நம்மிடம் தந்துவிடுகின்றன. ஆகவே 'இது செயற்கை நுண்ணறிவா?' என்று கேட்பதினும், 'இதிலிருந்து என் பொருளை எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா?' என்று கேட்பதே அறிவுடைமை.

திறவுகோல் பற்றிய எச்சரிக்கை

எம்மேடையைத் தேர்ந்தாலும், கல்லூரிகளில் பொதுவாக நேரும் இடர் ஒன்று உண்டு. கணினியில் வல்ல ஒரு மாணவர் ஆர்வத்தோடு தளம் அமைக்கிறார். களப்பெயர் அவர் பெயரில், மின்னஞ்சல் அவருடையது, கடவுச்சொல் அவர் நினைவில். மூன்றாண்டில் படிப்பு முடிந்து வளைகுடா நாட்டுக்கு வேலைக்குச் சென்றுவிடுகிறார். புதுப்பிக்கும் நாள் பற்றிய மடல் அவர் பார்க்காத மின்னஞ்சலுக்கு வருகிறது. பதிவு காலாவதியாகிறது. குறித்த அவகாசம் கழிந்ததும் அப்பெயரை எவரும் வாங்கலாம். நேற்றுவரை கல்லூரியின் பெயர் தாங்கிய முகவரியில் நாளை சூதாட்ட விளம்பரம் தோன்றக்கூடும்.

இதற்கு மருந்து எளிது. களப்பெயர் நிறுவனத்தின் பெயரிலேயே பதிவாக வேண்டும். கடவுச்சொல் பொறுப்பாளர் இருவரிடமேனும் இருக்க வேண்டும். பொறுப்பு மாறும்பொழுது, கணக்கேட்டையும் சாவியையும் ஒப்படைப்பதுபோல் இவற்றையும் எழுத்து மூலம் ஒப்படைக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை காப்புப்படி எடுத்து நூலகத்தில் வைக்க வேண்டும். மாணவர்தம் படம், தொலைபேசி எண் ஆகியவற்றை இசைவின்றி ஏற்றலாகாது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைக் கருத்திற்கொண்டே இயற்றப்பட்டது.

எதற்கு எது?

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் ஒரு நெறி புலனாகும்.

கருத்தரங்க அழைப்பு, விளையாட்டு விழா, நிவாரண நிதி திரட்டல், முன்னாள் மாணவர் கூட்டம் போன்று சில மாதமே வாழும் பணிகளுக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். கல்யாணப் பந்தலைக் கருங்கல்லால் கட்ட வேண்டியதில்லை.

துறை வரலாறு, ஆண்டு மலர்கள், சுவடிகள், ஆய்வேடுகள் போன்று தலைமுறைகளுக்கு நிற்க வேண்டியவற்றைத் திறந்த மூலநிரல் மேடையிலோ எளிய குறிமொழிப் பக்கங்களாகவோ அமைப்பதே தக்கது. பராமரிக்க ஆள் இல்லையெனில், செருகுநிரல்களைக் குறைத்து எளிமையாக அமைத்தல் நன்று.

இவ்வகைத் தளத்திலும் செயற்கை நுண்ணறிவை உதவியாளாக வைத்துக்கொள்ளலாம். பக்க அமைப்பு, நிறத்தெரிவு, நிரற்பிழை திருத்தம் ஆகியவற்றை அதனிடம் விடலாம். ஆனால் பெயர், ஆண்டு, வரலாறு, மார்க்கச் செய்தி ஆகியவற்றை அறிந்த மனிதரே எழுத வேண்டும். மற்றொருவர் சரிபார்க்க வேண்டும். சித்தாள் மண் சுமக்கலாம். திசை பார்ப்பது கொத்தனார் பணி.

முடிவுரை

ஒரு துறையின் ஆவணங்கள் நமக்குமுன் வாழ்ந்தோர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவற்றை நமக்குப்பின் வருவோரிடம் குறையாமலும் திரியாமலும் சேர்ப்பது நம் கடமை. கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். இன்று வியப்பாகத் தோன்றுவது நாளை பழமையாகும். மாறாமல் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்றே. இதில் எழுதியிருப்பது மெய்யா? இதன் திறவுகோல் நிறுவனத்திடம் உள்ளதா? வேண்டும்பொழுது எடுத்துச்செல்ல முடியுமா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்னும் விடை கிடைக்குமாயின், மேடை மரபுவழியதாயினும் செயற்கை நுண்ணறிவு சார்ந்ததாயினும் அஞ்ச வேண்டியதில்லை.

புலவர் நாயகம் அவர்கள் அச்சு என்னும் அன்றைய கருவியை அஞ்சி ஒதுக்கவில்லை, நற்பணிக்குப் பயன்படுத்தினார்கள். அவ்வழியில் நம் மாணவச் செல்வங்களும் இன்றைய கருவியை ஆண்டு, நம் முன்னோர் தேடிவைத்த தமிழ்ச் செல்வத்தை வருங்காலத்துக்கு வழங்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.